கைப்பதிவு

ஜுபைலில் நாலேகாலுக்கு பஸ்.
நான் இரண்டரைக்கே எழுந்துவிடுவேன்,
விரல்களை எழுப்ப.
என்னோடு அவை எழுவதில்லை.

ஃபிளாஸ்க் வெந்நீரை வாளியில் ஊற்றி
மணிக்கட்டு வரை இரு கையையும் அமிழ்த்தி
குளியலறையில் உட்கார்ந்திருப்பேன்.
முதலில் கட்டைவிரல் சம்மதிக்கும்.
மோதிரவிரல் கடைசி.
அதிலிருந்த கல்யாண மோதிரம்
சோப்பு போட்டும் வராமல்
ஒர்க்‌ஷாப்பில் வெட்டி எடுத்தான் தன்ராஜ்.
“ரெண்டு துண்டானாலும் தங்கம் தங்கம்தாண்ணே.”

அறையில் ஆறு பேர். ஏசி பதினெட்டில்.
நாள் முழுக்க வெல்டிங் அடித்துவிட்டு வந்தவனிடம்
குளிரைக் குறை என்று எந்த வாயால் கேட்பது?
கைகளுக்குக் காலுறை மாட்டிப் படுக்கிறேன்.
ஒரு ராத்திரி விளக்கைப் போட்ட டம்பர்,
நேபாளத்துக்காரன், பார்த்துவிட்டான்.
சிரிக்கவில்லை.
மறுநாளிலிருந்து என் தண்ணீர் பாட்டிலின் மூடி
தளர்ந்தே இருக்கிறது.
நன்றி சொன்னால் காரணம் சொல்ல வேண்டிவரும்.
நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை, வியாழன் இரவு.
வெள்ளி முழுக்கக் குமட்டும்.
எல்லோருக்கும் அன்று விடுமுறை,
எனக்கு மட்டும் மாத்திரையின் ஷிப்ட்.
பொற்கொடி வீடியோவில் கூப்பிடுவாள்.
போனை ஃபேனைப் பார்க்க வைத்துவிட்டு
நெட் சரியில்லை என்பேன்.
உங்களுக்குத்தான் சரியில்லை என்பாள்.

இகாமா புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்கள்.
பாஸ்.
அவர்கள் தேடுகிற நோய்களின் பட்டியலில்
என்னுடையதற்கு இடமில்லையாம்.
அந்தச் சந்தோஷத்தில் ஒரு பிளேட் மந்தி தின்றேன்,
ஸ்பூனால்.

வேலை, டைம்கீப்பர்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் நேரம் என் மேசையில்.
கேட்டில் ஒரு மெஷின்.
விரலைத் தெரிந்தால் பச்சை, தெரியாவிட்டால் சிவப்பு.
சிமெண்ட் தின்ற விரல்களை அதற்குத் தெரியாது.
முல்தான் கொத்தனார் குல்ஷேர்
இருபத்திரண்டு வருஷம் பூசிப் பூசி
ரேகையே இல்லாமல் வந்து நிற்பார்.
தினமும் காலையில் அது அவரைச் சந்தேகிக்கும்.
நான் கையால் பதிவேன்.
காரணம் என்ற கட்டத்தில்: ரேகை தேய்ந்தது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை
எனக்கும் சிவப்பு.
வீங்கிய சுட்டுவிரலைத் துடைத்து வைத்தேன்,
நடுவிரலை வைத்தேன்,
பின்னால் வரிசை நீண்டது.
“டைம்கீப்பருக்கே டைம் சரியில்ல” என்றது ஒரு குரல்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பிறகு மேசைக்குப் போய்
என்னை நானே கையால் பதிந்தேன்.
காரணம்: மெஷின் கோளாறு.

பதினேழு நாள்.
பதினேழு கோளாறு.

இன்று ஹெச்ஆரிலிருந்து மெயில்.
மெஷினைச் சோதித்தோம், பழுதில்லை.
நாளைக்குள் விளக்கம் தேவை.

ஓவர்டைம் ஸ்லிப் வாங்க வந்த குல்ஷேர்
திரையைப் பார்த்தார், அவருக்கு இங்கிலீஷ் வராது.
என் கையைப் பார்த்தார்.
தன் வலது கையை அதன் பக்கத்தில்
மல்லாத்தி வைத்தார்.
கழுவிய பீங்கான் போல இருந்தது.
கொஞ்ச நேரம் மேசை மேல் இரண்டு கைகள்,
மெஷினுக்குத் தெரியாதவை.
ஸ்லிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
போய்விட்டார்.

முடக்குவாதம் என்று
தமிழில் சொன்னால் ஒரே மூச்சு.
இங்கிலீஷில் பத்தொன்பது எழுத்து.
ஏழு தட்டியதும் சுட்டுவிரல் நின்றுவிட்டது.
இடது கைக்கு மாறினேன்.
திரும்புகிற பஸ் ஆறு மணிக்கு,
ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டான்.
இன்னும் பன்னிரண்டு.